யதீமின் தாபரிப்பு யார் பொறுப்பு?



தாபரிப்பு என்ற சொல்லை அறியாத பெண் நம் வீடுகளில் இல்லை. கணவன் மனைவிக்கிடையே பிரிவு ஏற்பட்டு, விஷயம் காதி நீதிமன்றம் வரை போய்விட்டால் முதலில் காதில் விழும் சொற்களில் அதுவும் ஒன்று. பிள்ளைக்கு மாதம் எவ்வளவு, எந்தத் திகதிக்குள், யார் கையில் கொடுப்பது என்றெல்லாம் பேசித் தீர்ப்பார்கள். கொடுக்க வேண்டியவர் பிள்ளையைப் பெற்ற வாப்பா. வாங்குபவள் பிள்ளையை வளர்க்கும் உம்மா. இந்த அளவில்தான் அந்தச் சொல்லை நாம் விளங்கி வைத்திருக்கிறோம்.

அமெரிக்காவின் ஒரு மாநிலத்தில் இந்தத் தாபரிப்பு வேறொருவரின் தலையில் சுமத்தப்பட்டிருக்கிறது. டெனஸி என்பது அந்த மாநிலத்தின் பெயர். அங்கே குடிபோதையில் வாகனம் ஓட்டி ஒரு பிள்ளையின் தாயையோ தந்தையையோ கொன்றுவிட்ட சாரதி, அந்தப் பிள்ளை வளர்ந்து ஆளாகும்வரை தாபரிப்புப் பணம் கட்ட வேண்டும் என்று 2022ஆம் ஆண்டில் சட்டம் செய்தார்கள். 2023 ஜனவரி 1ஆம் திகதி அது நடைமுறைக்கு வந்தது.

"பெற்றவனிடமே வாங்க முடியாமல் பெண்கள் அலைகிறார்கள். கொன்றவனிடம் வாங்குவதாமே!" என்று உங்களில் சிலர் சிரிக்கலாம். அந்தச் சிரிப்பிலும் ஒரு நியாயம் இருக்கிறது. அதைப் பிறகு பேசுவோம். இப்படி ஒரு சட்டம் ஏன் தேவைப்பட்டது, அதில் என்ன இருக்கிறது, அதிலிருந்து நாம் யோசிக்க வேண்டியது என்ன என்பதை முதலில் பார்ப்போம்.

ஒரு வாப்பும்மாவின் கேள்வி

2021 ஏப்ரலில் மிஸூரி மாநிலத்தில் ஒரு வாகன விபத்து நடந்தது. குடிபோதையில் வந்த ஒருவனின் வாகனம் மோதியதில் ஓர் இளம் தகப்பன், பிள்ளைகளின் தாய், நான்கு மாதக் கைக்குழந்தை ஆகிய மூவரும் உயிரிழந்தார்கள். அந்த வாகனத்தில் இல்லாத இரண்டு சிறு பையன்கள் மட்டும் மிஞ்சினார்கள். அவர்களை வளர்க்கும் பொறுப்பு தகப்பனின் தாய் மேல் விழுந்தது. நம் பேச்சில் சொன்னால், வாப்பும்மா.

மகனைப் பறிகொடுத்த அந்தப் பெண் எழுப்பிய கேள்வி மிகவும் சாதாரணமானது. இந்தப் பிள்ளைகளுக்கு உழைத்துக் கொடுக்க இருந்தவர்களைக் கொன்றவன், அந்த உழைப்புக்கு ஏன் பதில் சொல்லக் கூடாது? வழக்கு நடக்கும், தண்டனை கிடைக்கும், அவன் சிறைக்குப் போவான். ஆனால் பிள்ளைகளின் சாப்பாடு, உடுப்பு, பள்ளிக்கூடம், மருந்து எல்லாம் யார் கணக்கில்? அவர் இந்தக் கேள்வியோடு ஒரு சட்டத்துக்கான யோசனையையும் எடுத்துக்கொண்டு பல மாநிலங்களின் சட்டசபைகளை நாடினார்.

டெனஸியில் அந்தக் கேள்விக்குச் செவிசாய்க்க இன்னொரு காரணமும் இருந்தது. அங்கே சட்டனூகா என்ற நகரில் 2019ஆம் ஆண்டில் கடமையில் நின்ற ஓர் இளம் பொலிஸ் அதிகாரியை ஒரு வாகனம் மோதிவிட்டு நிற்காமலே போய்விட்டது. ஓட்டியவர் குடித்திருந்தார். அந்த அதிகாரிக்கு இரண்டு பிள்ளைகள். டெனஸி சட்டம் அந்த இரண்டு பிள்ளைகளின் பெயரையும், மிஸூரிப் பையன் ஒருவனின் பெயரையும் சேர்த்துத் தாங்கி நிற்கிறது. பிள்ளைகள் என்பதால் பெயர்களை நாம் இங்கே எழுதவில்லை. சட்டப் புத்தகத்தில் மந்திரிமாரின் பெயரைப் பார்த்துப் பழகிய நமக்கு, அங்கே ஒரு யதீமின் பெயர் இருப்பது யோசிக்க வைக்கிறது.

சட்டத்தில் என்ன இருக்கிறது?

போதையில் வாகனம் ஓட்டி மரணம் விளைவித்ததாக ஒருவர் குற்றவாளியாகக் காணப்பட்டால், நீதிபதி சிறைத் தண்டனையோடு சேர்த்து ஒரு தாபரிப்புக் கட்டளையும் பிறப்பிக்கிறார். இறந்தவருக்கு எத்தனை சிறு பிள்ளைகள் இருக்கிறார்களோ, அத்தனை பேருக்கும் பங்கு உண்டு. ஒவ்வொரு பிள்ளைக்கும் 18 வயது நிரம்பி, உயர்பள்ளிப் படிப்பு முடியும் காலம்வரை கட்ட வேண்டும்.

தொகை இவ்வளவுதான் என்று சட்டம் ஒரே இலக்கத்தை எழுதி வைக்கவில்லை. நீதிபதி பிள்ளையின் நிலையைப் பார்த்துத் தீர்மானிக்க வேண்டும். பிள்ளைக்கு என்ன தேவை, உயிரோடு இருக்கும் தாய் அல்லது தந்தைக்கு, அல்லது பாதுகாவலருக்கு என்ன வசதி இருக்கிறது, பிள்ளை இதுவரை எப்படிப்பட்ட வாழ்க்கைக்குப் பழகியிருக்கிறது, அதன் உடல்நிலையும் மனநிலையும் எப்படி, படிப்புக்கு என்ன வேண்டும், வளர்ப்பவர் வேலைக்குப் போனால் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆகும் செலவு எவ்வளவு என்பனவெல்லாம் கணக்கில் எடுக்கப்படும். இந்த வரிசையைப் படிக்கும்போது, வீட்டுச் செலவுக் கொப்பியை எழுதும் ஒரு தாயையும் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் சட்டத்தை எழுதியிருக்கிறார்கள் என்று தோன்றுகிறது.

பணம் நேரே கைக்குக் கை மாறுவதில்லை. சாரதி நீதிமன்ற அலுவலகத்தில் கட்டுவார், அங்கிருந்து பிள்ளையை வளர்ப்பவருக்குப் போகும். கணவனைக் கொன்றவனின் வீட்டுப் படியில் மாதாமாதம் போய் நிற்கும் கேவலம் எந்தப் பெண்ணுக்கும் நேராது.

"சிறையில் இருப்பவனிடம் காசு ஏது?" என்று கேட்பீர்கள். சட்டம் அதையும் நினைத்திருக்கிறது. சிறையிலிருக்கும் காரணத்தால் கட்ட முடியாதென்றால், விடுதலையாகி ஒரு வருடத்துக்குள் கட்டத் தொடங்க வேண்டும். அதற்குள் பிள்ளைக்கு 18 வயது தாண்டிவிட்டாலும் நிலுவை அழிந்துபோவதில்லை. பாக்கி முழுவதும் தீரும்வரை கட்டியே ஆக வேண்டும். குடும்பத்தார் தனியாக நட்டஈட்டு வழக்குப் போட்டு முன்கூட்டியே தீர்ப்பும் பெற்றுவிட்டால், தாபரிப்புக் கட்டளை இராது. பிறகு பெற்றால் ஒன்றுக்கொன்று கழிக்கப்படும். ஒரே இழப்புக்கு இரண்டு தடவை வாங்க வழியில்லை.

டெனஸியைத் தொடர்ந்து, மிகப் பெரிய மாநிலங்களில் ஒன்றான டெக்சஸிலும் 2023 செப்டெம்பர் 1ஆம் திகதி முதல் இதே போன்ற சட்டம் நடைமுறைக்கு வந்தது.

நூறு வருடக் கணக்கு

இதற்கு முன் அங்கே சட்டமே இருக்கவில்லையா? இருந்தது, சகோதரிகளே. நூறு வருடமாக இருந்தது. ஆனால் அது பார்த்த திசை வேறு.

மோட்டார் வாகனம் வந்த புதிதில், பாதையில் ஒருவரை மோதிக் கொன்ற சாரதி மேல் சாதாரண மனிதக் கொலைக் குற்றமே சுமத்தப்பட்டது. வழக்கை விசாரித்த ஜூரிமாரோ பல சமயங்களில் அவரைக் குற்றவாளி என்று சொல்லத் தயங்கினார்கள். ஏன் தெரியுமா? அவர்களும் வாகனம் ஓட்டுபவர்கள். கூண்டில் நிற்பவரைப் பார்த்தபோது, "நாளைக்கு நானும் இப்படி நிற்கலாமே" என்ற எண்ணம் அவர்களுக்கு வந்தது. இந்தச் சிக்கலுக்கு வழி தேடி, மிச்சிகன் மாநிலம் 1921ஆம் ஆண்டில் கவனயீனமாக வாகனம் ஓட்டி மரணம் விளைவிப்பதைத் தனிக் குற்றமாக்கித் தண்டனையையும் குறைத்து வைத்தது. தண்டனை இலேசானால் ஜூரிமார் துணிந்து குற்றவாளி என்பார்கள் என்பது எண்ணம். மற்ற மாநிலங்களும் மெல்ல மெல்லத் தனிச் சட்டங்களைச் செய்துகொண்டன.

பல வருடங்களுக்கு இந்த இலேசான போக்கே தொடர்ந்தது. குடித்துவிட்டு ஓட்டுவதைக்கூடப் பலர் ஒரு பெரிய குற்றமாக நினைக்கவில்லை. அதை மாற்றியதும் ஒரு தாய்தான். 1980ஆம் ஆண்டில் கலிஃபோர்னியாவில் கேண்டஸ் லைட்னர் என்ற பெண்ணின் 13 வயது மகளைக் குடிபோதையில் வந்த ஒருவன் மோதிக் கொன்றான். அவன் அதற்கு முன்னரும் அதே குற்றத்துக்குப் பிடிபட்டவன். அந்தத் தாய் அதே வருடம் குடித்து ஓட்டுவதற்கு எதிரான தாய்மார் இயக்கத்தை ஆரம்பித்தார். 1984இல் மது வாங்கும் வயதை 21 ஆக்குமாறு மாநிலங்களை நெருக்கும் சட்டத்தில் ஜனாதிபதி ரீகன் கையெழுத்திட்டார். அந்தச் சட்டத்துக்கும் இந்தத் தாய்மார் பாடுபட்டிருந்தார்கள்.

தண்டனைகளும் ஏறின. இன்று டெனஸியில் போதையில் ஓட்டி மரணம் விளைவித்தால் 8 முதல் 30 வருடம் வரை சிறை. முன்னரும் பல தடவை அப்படிப் பிடிபட்டவராக இருந்தால் 15 முதல் 60 வருடம் வரை போகலாம். டெக்சஸில் 2 முதல் 20 வருடம் வரை சிறையும், 10,000 டொலர் வரை அபராதமும் விதிக்கலாம்.

இந்த எண்களை இன்னொரு முறை பாருங்கள். அத்தனையும் சாரதியைப் பற்றிய எண்கள். எத்தனை வருடம் அவன் உள்ளே இருப்பான் என்பதே கேள்வி. அபராதமும் அரசாங்கத்தின் கணக்கில் சேருமே தவிர, பிள்ளையின் தட்டில் விழாது. நூறு வருடமாகச் சட்டங்களைத் திருத்தித் திருத்தி எழுதியவர்கள், கொன்றவனைப் பற்றியே யோசித்தார்கள். மிஞ்சிய பிள்ளையைப் பற்றித் தண்டனைச் சட்டத்திலேயே எழுத ஒரு வாப்பும்மா வந்து கேட்க வேண்டியிருந்தது.

தேவை சிறியதும் அல்ல. 2022ஆம் ஆண்டில் மட்டும் அமெரிக்கா முழுவதிலும் குடிபோதையில் ஓட்டியவர்கள் சம்பந்தப்பட்ட விபத்துகளில் 13,524 பேர் இறந்தார்கள். ஒரு நாளைக்கு 37 பேர். அவர்களில் எத்தனை பேர் தாயாகவும் தந்தையாகவும் இருந்திருப்பார்கள்!

"இது நம்மிடம் உள்ளதுதானே?"

இதுவரை வாசித்த உங்களில் பலருக்கு ஒரு நினைவு வந்திருக்கும். தவறுதலாக ஒருவரைக் கொன்றுவிட்டால் இறந்தவரின் குடும்பத்துக்குத் தியத் கொடுக்க வேண்டும் என்பதை நாம் அறிவோம். குடும்பத்தார் விரும்பினால் அதை விட்டுக்கொடுக்கலாம் என்பதையும் அறிவோம். வளைகுடா நாடுகளில் சாரதி வேலைக்குப் போன கணவனோ மகனோ உள்ள வீடுகளில் இந்தச் சொல் இன்னும் நெருக்கமானது. பாதையில் ஒரு மௌத்து நடந்துவிட்டால் அங்கே முதலில் எழும் பேச்சு தியத்தைப் பற்றியது. சவூதி அரேபியாவில் தவறுதலான மரணத்துக்கான தியத்தை 2011ஆம் ஆண்டில் 1,00,000 றியாலிலிருந்து 3,00,000 றியாலாக உயர்த்தினார்கள்.

ஆகவே கொன்றவன் குடும்பத்துக்குப் பதில் சொல்ல வேண்டும் என்ற எண்ணம் நமக்குப் புதிதில்லை. ஆனால் "எல்லாம் நம்மிடம் உள்ளதுதானே" என்று சொல்லிவிட்டுப் பத்திரிகையை மூடிவிட வேண்டாம். ஒரு வித்தியாசத்தைக் கவனியுங்கள். தியத் என்பது இறந்தவரின் வாரிசுகள் எல்லாருக்கும் சேர்த்துப் பேசப்படும் ஒரு தொகை. டெனஸிச் சட்டத்தில் பிள்ளைக்கென்று தனிக் கணக்கு இருக்கிறது. அந்தப் பிள்ளை பெரியதாகும்வரை ஒவ்வொரு மாதமும் அது திறந்தே இருக்கிறது.

மொத்தமாக வரும் பணம் எந்த வழியால் வந்தாலும், நம் வீடுகளில் அது போகும் போக்கை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கணவனை இழந்தவள் நான்கு மாதமும் பத்து நாளும் இத்தாவில் இருப்பாள். வெளியே நடப்பதெல்லாம் ஆண்களின் கையில். கடன் கொடுத்தவர் வருவார், காணி உறுதியோடு ஒருவர் வருவார், வியாபாரத்தில் போட்டால் பெருகும் என்று இன்னொருவர் சொல்வார். எல்லாரும் நல்லெண்ணத்தோடேயே வரலாம். ஆனால் இத்தா முடிந்து அவள் வெளியே வரும்போது பிள்ளையின் பங்கு எங்கே, எவ்வளவு என்று சொல்ல ஒரு துண்டுக் காகிதமும் இராது. யதீமின் சொத்தைத் தொடுவது எவ்வளவு பாரதூரமான பாவம் என்பதை எந்த மஜ்லிஸிலும் கேட்டிருக்கிறோம். அதைக் காப்பாற்ற ஒரு கணக்குப் புத்தகம் போடத்தான் மறந்துவிடுகிறோம்.

சட்டத்தின் எல்லை

இந்தச் சட்டத்தைப் புகழ்ந்து மட்டும் எழுதினால் உங்களை ஏமாற்றியதாகும். முதலில் சொன்ன சிரிப்புக்கு இப்போது வருவோம்.

பத்து, பதினைந்து வருடம் சிறையில் இருந்து வருபவனுக்கு யார் நல்ல சம்பளத்தில் வேலை கொடுப்பார்கள்? கட்டளை காகிதத்தில் இருக்கும், கையில் காசு இராது. ஐந்து வயதில் வாப்பாவை இழந்த பிள்ளைக்கு, அவன் வெளியே வரும்போது மீசை முளைத்திருக்கும். அந்த நிலுவைப் பணம் அப்போது வந்தாலும், சிறு வயதில் வாங்க முடியாமற்போன பால்மாவை அது வாங்கித் தராது.

இரண்டாவது, மனம். கொன்றவனின் பெயரில் ஒவ்வொரு மாதமும் ஒரு தொகை வீட்டுக்கு வருவதைத் தாங்க எல்லாராலும் முடியுமா? சில பெண்களுக்கு அது பிள்ளையின் உரிமை. வேறு சிலருக்கு ஆறிவரும் புண்ணை மாதாமாதம் கீறிவிடும் வேலை. யார் நினைப்பதும் பிழையென்று சொல்ல நமக்கு உரிமையில்லை. ஆனால் அந்தப் பணம் பிள்ளையுடையது என்பதை மட்டும் மறக்கக் கூடாது. நம் துக்கத்துக்காகப் பிள்ளையின் பங்கை வேண்டாம் என்று சொல்லலாமா என்பது யோசிக்க வேண்டிய கேள்வி.

மூன்றாவது எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. டெனஸியில் 2022இல் செய்த சட்டம் போதையில் ஓட்டியவருக்கு மட்டுமே தாபரிப்பை விதித்தது. கண்மண் தெரியாத வேகத்தில் வந்தவன், கையில் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டு வந்தவன், தூங்கி வழிந்துகொண்டு வந்தவன் ஆகியோரின் பெயர்கள் அதில் சேரவில்லை. குடித்தவன் கொன்றால் என்ன, அவசரக்காரன் கொன்றால் என்ன, பிள்ளைக்கு வாப்பா இல்லை. பசி காரணம் கேட்டு வருவதில்லை.

நம் வீட்டுச் சாவி

இந்த மூன்றாவது விஷயத்தில்தான் நமக்கும் பங்கு இருக்கிறது. "நம் வீட்டில் யாரும் குடிப்பதில்லை, அல்ஹம்துலில்லாஹ்" என்று நாம் நிம்மதியாக இருந்துவிடுகிறோம். நல்லது. ஆனால் நோன்பு காலத்தில் சஹரிலிருந்து கண் மூடாத மனிதர், தராவீஹும் முடிந்து இரவோடிரவாக வானை எடுத்துக்கொண்டு தூர ஊருக்குப் புறப்படும்போது, "பிள்ளைகளைக் கவனமாகப் பிடித்துக்கொள்" என்று நமக்குச் சொல்கிறார். நாமும் ஏறி உட்காருகிறோம். கல்யாண வீட்டுக்குப் பிந்திவிட்டது என்று வேகமாக ஓட்டச் சொல்லி நச்சரிப்பது யார்? ஓட்டிக்கொண்டிருப்பவருக்கு அழைப்பெடுத்து, "எங்கே வருகிறீர்கள்?" என்று கேட்பது யார்? மகனுக்கு 18 வயது ஆனதும் மோட்டார் சைக்கிள் வேண்டுமென்று வாப்பாவிடம் அவனுக்காகப் பரிந்து பேசுவது யார்?

ஆகவே இந்த மாதம் உங்களிடம் இரண்டு காரியங்கள் கேட்கிறேன்.

முதலாவது, வாகனத்தின் சாவி தொங்கும் இடம் உங்கள் வீட்டில் எங்கே என்று உங்களுக்குத் தெரியும். தூக்கக் கலக்கத்தில் இருப்பவரின் கையில் அது போகாமல் பாருங்கள். "ஒரு மணித்தியாலம் சாய்ந்து எழுந்து போங்கள், பிந்தினால் பிந்தட்டும்" என்று சொல்லுங்கள். கோபிப்பார்கள். கோபம் மாலைக்குள் ஆறிவிடும். வாகனத்தில் இருப்பவருக்கு அழைப்பெடுக்கவும் வேண்டாம். அவர் வந்து சேரட்டும்.

இரண்டாவது, உறவிலோ அயலிலோ ஒரு மௌத்து நடந்து சிறு பிள்ளைகள் மிஞ்சினால், ஏழு நாள் சாப்பாடு அனுப்பியதோடு கடமை முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள். நட்டஈடோ காப்புறுதியோ ஊரார் சேர்த்த பணமோ, எது வந்தாலும், "பிள்ளைகளின் பங்கு எந்தக் கணக்கில் போட்டிருக்கிறது?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். இத்தாவில் இருப்பவளால் அந்தக் கேள்வியைக் கேட்க முடியாது. பக்கத்தில் இருக்கும் நீங்கள் கேட்கலாம். கேட்டால் முகத்தைச் சுழிப்பவர்கள் இருப்பார்கள். மிஸூரியிலிருந்து புறப்பட்ட அந்த வாப்பும்மாவைப் பார்த்தும் சிலர் முகத்தைச் சுழித்திருக்கக் கூடும். அவர் கேட்காமல் விட்டிருந்தால், டெனஸிச் சட்டப் புத்தகத்தில் அந்தப் பிள்ளைகளின் பெயர்கள் இன்று இருந்திரா.

உங்கள் ஊரில், உங்கள் குடும்பத்தில் யதீம் பிள்ளைகளின் பங்கை எப்படிக் காப்பாற்றினீர்கள் என்று எழுதுங்கள். இன்னொரு சகோதரிக்கு அது வழிகாட்டும்.

இன்ஷா அல்லாஹ், அடுத்த மாதம் மீண்டும் சந்திப்போம். வஸ்ஸலாம்.